ஏற்றுமதி நிறுவனத்தின் ‘பசுமைப் பக்கத்தில்’ எதை எழுதலாம்? திருப்பூரை முன்வைத்து ஒரு விவாதம்

கையேட்டு எழுத்தர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்திற்கு இணையதளமும் விளம்பரக் கையேடும் எழுதித் தரும் வேலையை ஏற்றிருக்கிறேன். மற்ற பக்கங்களை முடித்துவிட்டேன். சுற்றுச்சூழல் பற்றிய ஒரே ஒரு பக்கத்தில் பத்து நாட்களாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.

உரிமையாளர் எனக்குக் கொடுத்த குறிப்பு ஐந்தே வரிதான். நாங்கள் நூறு சதவீதம் சுற்றுச்சூழலுக்கு உகந்த நிறுவனம். ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடுவதில்லை. ஆர்கானிக் பருத்தியில் ஆடை தயாரிக்கிறோம். காற்றாலை மின்சாரத்தில் இயங்குகிறோம். ஆண்டுதோறும் மரம் நடுகிறோம்.

இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் என் சங்கடம். விசாரித்தபோது தெரிந்தவற்றைச் சொல்கிறேன். இந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறை இல்லை. துணியை ஜாப் ஒர்க் முறையில் வெளியே சாயமிடக் கொடுக்கிறார்கள், அந்தப் பட்டறை, பல பட்டறைகளின் சாயக்கழிவு நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கிறது. ஆர்கானிக் பருத்தியை இரண்டு பையர்களின், அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின், ஆர்டர்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். உடுமலைப் பக்கம் காற்றாலை ஒன்று உண்மையாகவே இருக்கிறது. மரமும் நடுகிறார்கள்.

போட்டி நிறுவனங்களின் தளங்களைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் இதே ஐந்து வரிகள், இதே பச்சை இலை, இதே உள்ளங்கையில் முளைவிடும் செடி. நானும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் பொய் சொல்லாமலும், வாடிக்கையாளரின் வியாபாரத்தைக் கெடுக்காமலும் இந்தப் பக்கத்தை எழுத வழி உண்டா? துறைக்குள் இருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

ஆவியாக்கி

நான் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பல ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். உங்கள் இரண்டாவது வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

பருத்தித் துணிக்கு இங்கே பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் பயன்படுகிறது. அந்தச் சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். வெளிர் நிறங்களுக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் போதும். அடர்ந்த நிறங்களுக்கு, குறிப்பாகக் கறுப்புக்கு, 80 கிராமும் அதற்கு மேலும் போகும். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயக்கரைசல் என்று கணக்கு வைத்தால்கூட, ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு ஆகிறது. சாயமாவது பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு துணியில் தங்குவதே இல்லை. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரில் எங்களிடம் வந்து சேரும்.

நுண்ணுயிர்த் தொட்டிகள் நிறத்தையும் கரிமக் கழிவையும் குறைக்கும். உப்பை ஒன்றும் செய்யாது. அதற்காகத்தான் ஆர்.ஓ. வைத்து நல்ல நீரைப் பிரித்தெடுக்கிறோம். அதில் மிஞ்சும் கெட்டியான உப்புநீரைப் பலநிலை ஆவியாக்கியில் காய்ச்சுகிறோம். ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகிப் பட்டறைக்குப் போகிறது. கடைசியில் உப்பு கட்டியாகிறது. கிளாபர் உப்பை (சோடியம் சல்பேட்) மட்டுமே பயன்படுத்தும் பட்டறைகளின் நீரிலிருந்து அதைப் படிகமாக்கித் திரும்பக் கொடுக்க முடியும். சாதாரண உப்பும் அதுவும் கலந்து வந்தால் கிடைப்பது ‘மிக்ஸ்டு சால்ட்’ என்று நாங்கள் சொல்லும் கலவை உப்பு. அதை வாங்குவதற்கு ஆள் கிடைப்பது கடினம். மூட்டை கட்டிக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே “ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறுவதில்லை” என்று எழுதினால், நிலையம் ஒழுங்காக ஓடும் நாட்களில் அது உண்மை. “கழிவே இல்லை” என்று எழுதினால் அது உண்மையில்லை. அந்த நீரைக் காய்ச்சுவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்குக் கொதிகலனில் விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். ஆற்றைக் காப்பாற்றுவதற்கு நாங்கள் கொடுக்கும் விலை புகைபோக்கி வழியாகப் போகிறது. இந்தத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். ஆனால் எங்கள் நிலையத்தைப் படம் எடுத்துப் போடும் எந்த விளம்பரத்திலும் அந்த உப்பு மூட்டைகளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆயக்கட்டு

ஆவியாக்கி அவர்கள் நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. எங்கள் நிலம் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. “நாங்கள் ஆற்றைக் காக்கிறோம்” என்று ஏற்றுமதியாளர்களின் கையேட்டில் படிக்கும்போது எங்களுக்கு என்ன தோன்றும் என்பதையும் இந்த இழையில் பதிவு செய்ய வேண்டும்.

சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்திற்காகப் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணையைச் சுற்றி இருந்தவர்கள் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார்கள். கீழே இருந்தவர்கள் திறக்க வேண்டாம் என்றார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் கேட்ட ஊர் எங்களுடையது. கிணறுகள் உப்பாயின. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் வழக்குத் தொடுத்தது. பூஜ்ய வெளியேற்றத்தை, அதாவது கழிவுநீர் சிறிதும் வெளியே போகாத நிலையை, எட்ட வேண்டும் என்று 2006இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்சநீதிமன்றமும் பட்டறைகளின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. அதற்குப் பிறகும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று, நிபந்தனையை நிறைவேற்றாத சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்கத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

இந்தக் கதையில் விவசாயிகளின் வழக்கும், நீதிமன்றமும், பொதுமக்களின் பணமும் இருக்கின்றன. கையேட்டிலோ “எங்கள் நிறுவனரின் தொலைநோக்கு” மட்டும் இருக்கிறது. வேறு வழியில்லாமல் சட்டத்திற்குக் கட்டுப்பட்டதைத் தருமம் செய்ததுபோல் எழுதினால் அதற்குப் பெயர் என்ன?

மெர்ச்சன்டைசர்_63

ஆயக்கட்டு ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் ஆர்டர் பேசும் மேசையில் உட்காருபவன். பையர் அனுப்பும் கேள்விப் பட்டியலில் நீர், மின்சாரம், கார்பன், சான்றிதழ் என்று நாற்பது, ஐம்பது கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அனுப்பிய பிறகு விலைப் பேச்சு தொடங்கும். அங்கே இந்த நாற்பது கேள்விகளுக்கு மதிப்பு ஒரு சென்ட்கூட இல்லை. ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது பூஜ்ய வெளியேற்றப் பட்டறையில் சாயம் போடுவதற்கு கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் செலவு என்று சொன்னால், அது அவசியம் இல்லாத வேறு நாட்டில் என்ன விலை கிடைக்கிறது என்பதைக் காட்டுவார்கள். அதே பையர் ஆறு மாதம் கழித்து எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் படத்தைத் தன் அறிக்கையில் ‘எங்கள் பொறுப்பு’ என்ற தலைப்பின்கீழ்ப் போட்டிருப்பார்.

எனவே திருப்பூர்க்காரர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கட்டாயத்தினால் செய்தோம் என்றாலும், செய்திருக்கிறோம். செலவு எங்களுடையது.

ஆயக்கட்டு

சொல்லிக்கொள்ளட்டும், தம்பி. யார் சொன்னதால் செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

தணிக்கைப் பை

நான் சான்றளிப்பு ஆடிட் வேலையில் இருந்தவன். மூன்றாவது வரியான ‘ஆர்கானிக் பருத்தியில் ஆடை தயாரிக்கிறோம்’ என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் மிக அதிகமான தவறு இங்கேதான் நடக்கிறது. வேண்டுமென்றே செய்பவர்கள் குறைவு. தெரியாமல் செய்பவர்களே மிகுதி.

ஜி.ஓ.டி.எஸ். என்பது ஆர்கானிக் துணிகளுக்கான சர்வதேசத் தரம். அதன் சான்றில் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று ஸ்கோப் சர்டிபிகேட். ஆர்கானிக் துணியைக் கலப்படமில்லாமல் கையாளும் ஏற்பாடு இந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். இன்னொன்று டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட். குறிப்பிட்ட இந்தச் சரக்கு, இத்தனை கிலோ, இன்னாரிடமிருந்து இன்னாருக்குப் போனது என்று சொல்வது அதுதான். முதல் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டு, “நாங்கள் ஆர்கானிக் நிறுவனம்” என்று தளத்தில் எழுதுவது, ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பதைக் காட்டி “இன்று ஊருக்குப் போய்விட்டு வந்தேன்” என்று சொல்வதைப் போன்றது. அந்த ஆண்டில் அவர்கள் அனுப்பிய சரக்கில் ஆர்கானிக் நூற்றுக்கு ஐந்து பங்காகவும் இருக்கலாம்.

அடுத்து, ‘ஆர்கானிக்’ என்று ஆடையிலேயே அச்சிட அந்தத் தரத்தில் 95 சதவீதம் சான்று பெற்ற ஆர்கானிக் இழை இருக்க வேண்டும். 70 சதவீதம் இருந்தால் ‘ஆர்கானிக் இழை கொண்டு செய்யப்பட்டது’ என்ற அளவில்தான் குறிப்பிடலாம். மறுசுழற்சி இழைக்கான ஜி.ஆர்.எஸ். தரத்தில், 20 சதவீதம் இருந்தால் சான்று கிடைக்கும், ஆனால் வாடிக்கையாளர் பார்க்கும்படி முத்திரையைப் போட 50 சதவீதம் வேண்டும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது முற்றிலும் வேறு. கையில் இருக்கும் ஆடையில் உடலுக்குத் தீங்கான பொருட்கள் வரம்புக்கு மேல் இல்லை என்று அது சொல்கிறதே தவிர, பருத்தி எப்படி விளைந்தது, சாயநீர் எங்கே போனது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல், ஓகோ-டெக்ஸ் சான்றுக்குப் பக்கத்தில் ஒரு பருத்திச் செடியின் படத்தைப் போட்டு ‘இயற்கை’ என்று எழுதிய கையேடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

பருத்தியை மேம்பட்ட முறையில் விளைவிப்பதற்கான திட்டமான பெட்டர் காட்டன் பல ஆண்டுகள் ‘மாஸ் பேலன்ஸ்’ முறையில்தான் நடந்தது. நீங்கள் வாங்கிய அளவுக்கு எங்கோ ஒரு விவசாயியிடம் அந்தப் பருத்தி கொள்முதல் ஆகியிருக்கும், ஆனால் உங்கள் கையிலிருக்கும் சட்டையில் இருப்பது அதே பருத்தி என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். பொருளோடு கூடவே வரும் தடமறிதலை அவர்கள் 2023இல்தான் தொடங்கினார்கள். கணக்குக்கு அது நியாயமான முறைதான். “இந்தச் சட்டையில் பெட்டர் காட்டன் இருக்கிறது” என்று எழுதியபோதுதான் பிரச்சினை.

சான்றிதழே கடைசிச் சொல் என்றும் நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே ஒரு மோசடியை வெளியிட்டது. இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று உருவாக்கப்பட்டிருந்தது; 11 நிறுவனங்கள் தடை செய்யப்பட்டன. தாளில் இருந்த கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால், அரசு நிறுவனத்தின் தளத்தைப் போலவே உருவாக்கப்பட்ட போலித் தளம் திறந்திருக்கிறது. சரிபார்ப்பதற்கு வைத்த கருவியையே போலி செய்தவர்களை நினைத்தால், வெறும் இலைப் படம் போடுபவர்கள் அப்பாவிகள்.

பச்சைப் பொத்தான்

நான் ஜெர்மனியில் வாழும் தமிழ்ப் பெண். வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு செய்தி. இங்கே கடையில் தொங்கும் ஒவ்வொரு சட்டையிலும் ஏதாவது ஒரு பச்சைச் சீட்டு இருக்கிறது. அவற்றில் பாதி, அந்தந்த பிராண்டு தானே உருவாக்கிக்கொண்ட முத்திரை. 2020இல் ஐரோப்பிய ஆணையம் ஆராய்ந்ததில், சுற்றுச்சூழல் வாசகங்களில் 53 சதவீதம் தெளிவற்றவையாகவோ, திசைதிருப்புபவையாகவோ, ஆதாரமற்றவையாகவோ இருந்தன. ‘க்ரூனர் க்னோப்ஃப்’, அதாவது பச்சைப் பொத்தான் என்ற முத்திரையை ஜெர்மன் அரசே 2019இல் கொண்டுவந்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். என் பெயரையும் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

2022இல் நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் விசாரித்த பிறகு எச் அண்ட் எம் ‘கான்ஷியஸ்’ என்ற சொல்லையும், டெக்கத்லான் ‘ஈகோடிசைன்’ என்ற சொல்லையும் சரிசெய்யவோ நீக்கவோ ஒப்புக்கொண்டன. முறையே ஐந்து லட்சம் யூரோவும் நான்கு லட்சம் யூரோவும் நன்கொடையாகக் கொடுத்தன. சொற்கள்தான் அங்கே குற்றமாகப் பார்க்கப்பட்டன. என்ன பொருளில் சொல்கிறோம் என்று விளக்காத சொற்கள்.

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு வேண்டுகோள். இங்கிருக்கும் பிராண்டுகளின் விளம்பர நடையைப் பார்த்து எழுதாதீர்கள். அவர்களே அந்த நடையை இப்போது அவசரமாக அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வழக்காடும் வாசகன்

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் ‘எல்லோரும் எழுதுகிறார்கள்’ என்ற பாதுகாப்பு இனி அதிக நாள் நிற்காது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப்பூச்சை, அதாவது இல்லாத பசுமையை இருப்பதுபோல் காட்டும் விளம்பரத்தை, தடுப்பதற்கென்றே 2024 அக்டோபர் 15 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்தது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’, ‘பசுமையானது’, ‘தூய்மையானது’ போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. சொல்லப்படுவது முழுப் பொருளைப் பற்றியதா, அதன் ஒரு பகுதியைப் பற்றியதா, தயாரிப்பு முறையைப் பற்றியதா, உறையைப் பற்றியதா என்று தெளிவாக்க வேண்டும். ஆதாரத்தை விளம்பரத்திலேயோ, கியூ.ஆர். குறி அல்லது இணைய முகவரி வழியாகவோ காட்டலாம். ‘2030க்குள் இதைச் செய்வோம்’ என்று எழுத வேண்டுமானால், அதை எப்படிச் செய்யப் போகிறோம் என்ற தெளிவான திட்டம் கையில் இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு. விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கியும் 2024 பிப்ரவரி 15 முதல் தன் விதிகளை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. படங்களும் குறியீடுகளும் தவறான எண்ணத்தைத் தரக் கூடாது என்பது அதில் ஒன்று. உள்ளங்கையில் முளைவிடும் செடிக்கு இது பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நிறுவனம் நேரடியாக நுகர்வோருக்கு விற்கவில்லை, பையருக்குத்தானே விற்கிறது என்று உரிமையாளர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பையர் ஐரோப்பாவில் விற்கிறார். அங்கே 2024/825 என்ற எண்ணுள்ள உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது என்று விதிக்கப்பட்டிருக்கிறது. பொதுவான பசுமைச் சொற்களுக்கும், மூன்றாம் தரப்புச் சான்றோ அரசின் ஏற்பாடோ பின்னால் இல்லாத முத்திரைகளுக்கும், வேறெங்கோ கார்பன் ஈட்டுத்தொகை கட்டிவிட்டு ‘இந்தப் பொருள் கார்பன் சமநிலை கொண்டது’ என்று சொல்வதற்கும் அது தடை விதிக்கிறது. உங்கள் கையேட்டு வாசகத்தை நம்பிப் பையர் தன் சீட்டில் அச்சிட்டு மாட்டிக்கொண்டால், அடுத்த மின்னஞ்சல் யாருக்கு வரும்?

ஆயக்கட்டு ஐயாவின் கேள்விக்கும் இந்த உத்தரவில் பாதிப் பதில் இருக்கிறது. சட்டம் எல்லாப் பொருட்களுக்கும் விதித்த கடமையைத் தன் தனிச்சிறப்பாகக் காட்டுவதும் அங்கே தடை செய்யப்பட்ட வணிக நடைமுறை. ஆனால் அது ஐரோப்பியச் சந்தையில் அந்த வகைப் பொருட்கள் அனைத்துக்கும் உள்ள கடமையைப் பற்றிய விதி. தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு நம் நீதிமன்றம் விதித்தது அந்த வரையறைக்குள் வராது என்பது என் வாசிப்பு. ஆகவே ஜீரோ டிஸ்சார்ஜைப் பற்றி எழுதுவது குற்றமாகாது. அதைத் தானாக முன்வந்து செய்ததுபோல் எழுதினால் அது வேறு விதமாகத் திசைதிருப்பும் வாசகமாகிவிடலாம்.

மெர்ச்சன்டைசர்_63

அப்படியானால் திருப்பூரிலிருந்து வந்த துணி, வேறு நாட்டிலிருந்து வந்த துணியிலிருந்து இந்த விஷயத்தில் மாறுபட்டது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது. அதைத்தான் நானும் சொன்னேன்.

வழக்காடும் வாசகன்

இருக்கிறது. ஒப்பிட்டுச் சொன்னால் ஒப்பீட்டுக்கான தரவையும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பேங்கிங் யூனிட்

காற்றாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பக்கம் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக வீசும். தையல் இயந்திரம் ஆண்டு முழுவதும் ஓடும். காற்றாலையில் விளைந்த யூனிட்டுகள் கட்டமைப்புக்குள் போகின்றன, கணக்கில் கழிக்கப்படுகின்றன. எனவே “காற்றாலை மின்சாரத்தில் இயங்குகிறோம்” என்பதைவிட, “கடந்த நிதியாண்டில் நாங்கள் பயன்படுத்திய மின்சாரத்தில் இத்தனை சதவீதத்திற்கு ஈடாக எங்கள் காற்றாலை உற்பத்தி செய்தது” என்பதே சரியான வாக்கியம். மின் கட்டண ரசீதிலேயே இந்த எண் கிடைக்கும். இன்னொன்றையும் உரிமையாளரிடம் கேளுங்கள். அந்த மின்சாரத்தை அவர் மின்வாரியத்துக்கே விற்றுவிடுகிறாரா, அல்லது அதற்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றுகளை வேறு யாருக்காவது விற்றிருக்கிறாரா? விற்றிருந்தால் அந்தப் பசுமை இப்போது வாங்கியவருடையது. ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்க முடியாது.

சாயப்பட்டறையின் கொதிகலன் எரிபொருள் இந்தக் கணக்கில் வரவே வராது என்பதை ஆவியாக்கி அண்ணன் ஒப்புக்கொள்வார்.

ஆவியாக்கி

ஒப்புக்கொள்கிறேன். மின்சாரத்தை மட்டும் கணக்குக் காட்டுபவர்கள் பெரும்பாலும் வெப்பத்தைக் கணக்குக் காட்டுவதில்லை. மேலும் சாயம் வெளியே போடப்படுவதால், அந்த எரிபொருள் ஏற்றுமதி நிறுவனத்தின் புத்தகத்திலேயே இருக்காது. பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கிய பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில்கூடத் தன் சுவருக்குள் நடப்பதுதான் முதலில் வருகிறது. திருப்பூரில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லாத குடும்ப நிறுவனங்கள். வேலை பத்துச் சுவர்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. பின்னுவது ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம். யாருடைய பசுமை, யாருடைய அழுக்கு என்று பிரிப்பதற்கு முன்பே கையேடு அச்சாகிவிடுகிறது.

“ஒரு டி-சர்ட்டுக்கு 2,700 லிட்டர் நீர்” என்ற எண்ணையும் எடுத்துக்கொண்டு யாராவது வருவார்கள், எச்சரிக்கையாக இருங்கள். அதில் மிகப் பெரும்பகுதி வயலில் பருத்தி குடிக்கும் நீர். சாயப்பட்டறையில் நாங்கள் மிச்சப்படுத்துவது கிலோவுக்குச் சில பத்து லிட்டர்கள். இரண்டையும் ஒரே வரியில் வைத்து ‘நீரைச் சேமிக்கிறோம்’ என்று எழுதினால், வாசிப்பவர் 2,700ஐயும் நாங்கள் சேமித்ததாக எண்ணிக்கொள்வார்.

கட்டிங் வேஸ்ட்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று கேட்கிறேன். எல்லோரும் சொல்லிக்கொள்வதைப் பற்றியே பேசுகிறோம். யாருமே சொல்லிக்கொள்ளாத ஒன்று நம் ஊரில் பல பத்தாண்டுகளாக நடக்கிறதே?

கட்டிங் மேசையில் விழும் துண்டுத் துணிகள் எங்கே போகின்றன? குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். அது மீண்டும் பஞ்சாகி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களுக்குப் போய் நூலாகிறது. நிறம் பிரித்த துண்டிலிருந்து நூற்றால் அந்த நூலுக்கு மறுபடி சாயமே தேவைப்படுவதில்லை. ஆவியாக்கி அவர்கள் சொன்ன உப்பு, விறகு எல்லாமே அந்த அளவுக்கு மிச்சம். இதைச் செய்தவர்கள் யாரும் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வேஸ்ட் வியாபாரம் என்றுதான் சொன்னார்கள். லாபத்துக்காகச் செய்த வேலை என்பதால் எந்தக் கையேட்டிலும் அது இடம்பெறவில்லை. அந்தத் துண்டுகளைப் பிரிக்கும் பெண்களுக்கு என்ன கூலி என்ற கேள்வி எழும் என்பதும் மௌனத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் நிறுவனத்தில் மாதம் எத்தனை கிலோ கட்டிங் வேஸ்ட் விழுகிறது, யாருக்கு விற்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு நிச்சயம் இருக்கும். காசு வருகிற கணக்கல்லவா.

தணிக்கைப் பை

அருமையான சுட்டல். ஒரு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். துண்டுத் துணியை விற்பதும், உங்கள் ஆடையில் மறுசுழற்சி நூலைப் பயன்படுத்துவதும் வேறு வேறு. முதலாவதை எழுதும்போது வாசகர் இரண்டாவது என்று எண்ணிவிடாதபடி எழுத வேண்டும்.

கையேட்டு எழுத்தர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து நிறுவனத்தில் உட்கார்ந்து எண்களைத் திரட்டினேன். முதலில் எரிச்சலடைந்த கணக்காளர், பிறகு எல்லோரையும்விட ஆர்வமாகிவிட்டார். கேட்ட கணக்கில் பாதிக்கு மேல் அவருடைய அலமாரியிலேயே இருந்தது. இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். எண்களை இங்கே பகிர எனக்கு அனுமதி இல்லை என்பதால் அவற்றின் இடத்தில் ‘இவ்வளவு’ என்று போட்டிருக்கிறேன். வரைவு இது:

“எங்கள் துணி திருப்பூரில் உள்ள ஒரு வெளிப் பட்டறையில் சாயமிடப்படுகிறது. அந்தப் பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர். நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளின்படி, இங்கு சாயக்கழிவு நீரை ஆற்றில் விடுவதற்கு அனுமதி இல்லை. நீர் மீட்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்படுகிறது. மீட்பின்போது கிடைக்கும் கலவை உப்பு நிலையத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது; அதற்கு இன்னும் முழுமையான தீர்வு இல்லை. கடந்த நிதியாண்டில் நாங்கள் அனுப்பிய ஆடைகளில் எடைக் கணக்கில் இவ்வளவு சதவீதம் ஜி.ஓ.டி.எஸ். சரக்குச் சான்றுடன் சென்றது. எங்கள் தையல் பிரிவின் மின்சாரத்தில் இவ்வளவு சதவீதத்திற்கு ஈடாக எங்கள் காற்றாலை உற்பத்தி செய்தது. சாயமிடுதலுக்கான வெப்பம் இதில் சேராது. கட்டிங் துண்டுகள் இவ்வளவு டன் நூற்பாலைகளுக்கு விற்கப்பட்டன. எங்கள் ஆடைகளில் தற்போது மறுசுழற்சி நூல் பயன்படுத்துவதில்லை.”

மரம் நடுவதை எடுத்துவிட்டேன். எத்தனை பிழைத்திருக்கின்றன என்று கேட்டபோது பதில் வரவில்லை.

உரிமையாளர் இரண்டு முறை படித்தார். நூறு சதவீதம் என்ற சொல் இல்லாததில் அவருக்கு வருத்தம்தான். “உப்பைப் பற்றி நாமே ஏன் சொல்ல வேண்டும்? யாரும் கேட்கவில்லையே” என்றார். கேட்கிற பையர் வரும்போது நாம் முன்பே சொல்லியிருந்தது தெரியட்டும் என்றேன். கடைசியில், அச்சிடும் கையேட்டில் அந்த வாக்கியம் வேண்டாம், கியூ.ஆர். குறி வழியாகத் திறக்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். விவசாயிகளின் வழக்கு பற்றிய வரி கையேட்டிலும் இருக்கிறது.

ஆயக்கட்டு

உப்பைக் கியூ.ஆர். குறிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. விளக்கத்தை அங்கே வைக்கலாம். குறையை அங்கே ஒளிக்கக் கூடாது. ஆனாலும் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கையேட்டில் எங்கள் வழக்கு ஒரு வரியாக அச்சாவது நான் அறிந்தவரை இதுவே முதல் முறை. அச்சானதும் ஒரு பிரதி வேண்டும்.

ஆவியாக்கி

ஒரு திருத்தம். “சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது” என்பதற்கு முன் எந்தத் தேதி நிலவரப்படி என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்த மூட்டைகள் குறையலாம், கூடலாம். கூடவே, சாயமிடும் பட்டறையை நீங்கள் மாற்றினால் அந்தப் பத்தி முழுவதையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்பதையும் உரிமையாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கையேட்டு எழுத்தர்

சொல்லிவிட்டேன். ஆண்டுதோறும் ஏப்ரலில் எண்களைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கணக்காளரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆயக்கட்டு ஐயா, தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள். பிரதி வந்ததும் அனுப்பி வைக்கிறேன்.